விரல் ஆழத் தண்ணீர்

அரியூர் நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பறவை என்பது முதலில் சத்தம்தான். கொல்லிமலையின் 14 நாடுகளில் எங்களுடையது ஒன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் சோலைக்காடோ, மிளகுக்கொடி ஏறிய மரமோ, பலாவோ கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். குக்குறுவான் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. அது விடாமல் கூவினால் வெயில் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஓடைப் பாறையில் சீகாரப் பூங்குருவி சீட்டியடித்தால் பொழுது விடியப் போகிறது. ஐப்பசி மழையோடு வந்து சேரும் ஆறுமணிக்குருவி, விடியலில் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம் குரல் கொடுத்துவிட்டுப் புதருக்குள் போய்விடும். சாமைக் கொல்லைக்குக் காவல் இருந்தபோது, வந்து இறங்குவது சில்லையா கிளியா என்பதைப் பரண்மேல் உட்கார்ந்தபடியே சிறகுச் சத்தத்தில் பிரித்துவிடுவேன். தகரத்தைத் தட்டினால் போதுமா, கவணில் கல் வைக்க வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது. ஒரு பறவையை நின்று நிதானமாக, தலை முதல் கால் வரை பார்க்கிற வழக்கமே எங்களிடம் கிடையாது.

அந்த வழக்கம் எனக்கு வந்தது கடலோரத்தில். 1990 பொங்கல் லீவில், எங்கள் உண்டு உறைவிடப் பள்ளிக்கூடத்து சார் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். அவருக்கு வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளி. மற்ற வாத்தியார்கள் வெள்ளிக்கிழமை மத்தியானமே மலையிறங்கிவிடுவார்கள். இவர் ஊர் தூரம் என்பதால் தங்கிவிடுவார், எங்களோடு சோலைக்குள் சுற்றுவார். “கடலைப் பார்க்காத பயலுக்குப் பூகோளம் எப்படிங்க நடத்துறது?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஒரு பீடி முடியும் மட்டும் யோசித்தார். பிறகு ஒரு படி மிளகும் ஒரு தார் மலைவாழைப்பழமும் கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அப்போது எங்கள் மலை சேலம் மாவட்டம். கோடியக்கரை தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினமும் நாமக்கல்லும் தனி மாவட்டங்கள் ஆனது பிற்பாடு. செம்மேட்டில் பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்து காரவள்ளியில் இறங்கினோம். நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி என்று போகப் போக நிலம் தட்டையாகிக்கொண்டே வந்தது. திருச்சியில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது சார் சொன்னார்: “நம்ம ஆகாய கங்கையில விழுற ஐயாறும் புளியஞ்சோலை வழியா இந்தப் படுகைக்குத்தான்டா வருது. இந்தத் தண்ணியெல்லாம் கடைசியா எங்க போய்த் தேங்குதுன்னு நாளான்னைக்குக் காட்டுறேன்.” திருத்துறைப்பூண்டியிலிருந்து மீட்டர் கேஜ் ரயில். ஜன்னலுக்கு வெளியே இருட்டு. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது.

சாருடைய அப்பாவுக்கு எழுபதுக்கு மேல். எனக்குத் தாத்தா. ஆயுசு முழுவதும் உப்பளத்தில் கழித்தவர். பாதம் கருத்துக் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெள்ளை வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்துக் கண் இடுங்கிப்போயிருந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்புப் படை திருச்சியிலிருந்து நடந்தே வேதாரண்யம் வந்து சேர்ந்தபோது அவர் சின்னப் பையன். அகத்தியம்பள்ளியில் உப்பள்ளிய இடத்தில் நிற்கிற ஸ்தூபியைக் காட்டி, “வெள்ளைக்காரன் எங்க உப்பத் தொடாதேன்னான் தம்பி. தொட்டுப்புட்டோம். தொட்ட கையி இன்னும் விடல” என்று சிரித்தார்.

காணும் பொங்கலன்று ஊரே கோயிலுக்கும் கடற்கரைக்கும் வண்டி கட்டிக்கொண்டிருந்தது. தாத்தா என்னைக் கருக்கலிலேயே எழுப்பி உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். தை மாதத்தில் அளத்தில் உப்பு இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை பாத்திகளைக் குளமாக்கிவிட்டுப் போயிருக்கும். அந்த மழைத்தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உவர்த்தண்ணீர் கட்டுவார்கள். கடல் தண்ணீரின் உப்படர்த்தி 3 டிகிரியும் கொஞ்சமும் இருக்கும். அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு இறங்கும். அளந்து பார்க்கக் கண்ணாடிக் குழல் இருந்தது. தாத்தாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைப்பார், டிகிரி சொல்வார்.

வரப்பில் என்னை உட்காரவைத்தார். கிழக்கே வெளுத்ததும் எதிரே பாதி வடிந்த பாத்தி பளபளத்தது. அந்தச் சேற்றின்மேல் என்னவோ ஊர்ந்துகொண்டிருந்தது, ஒன்றிரண்டில்லை, கண்ணுக்கு எட்டும் மட்டும். மலையில் நான் அதுவரை அத்தனை பறவைகளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மறைவே இல்லாத வெட்டவெளியில் பறவை நிற்பதையும் பார்த்ததில்லை. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் அலைந்தது. தாத்தா அதைக் கவனித்துவிட்டார்.

“பட்சியப் பாக்காத தம்பி. தண்ணியப் பாரு. தண்ணி எம்புட்டு ஆழம்னு தெரிஞ்சிக்கிட்டா, அங்க எது நிக்கும்னு நாமளே சொல்லிப்புடலாம்.”

அவர் கையை நீட்டி ஒவ்வொரு விளிம்பாகக் காட்டக் காட்ட, கலைந்து கிடந்த கூட்டம் வரிசைக்கு வந்தது. நகம் நனையும் அளவுக்குத் தண்ணீர் இருந்த ஓரத்தில் கொசு உள்ளான்கள், சிட்டுக்குருவி அளவுகூட இல்லாதவை, தலை நிமிராமல் கொத்திக்கொண்டே நகர்ந்தன. விரல் ஆழத்தில் வளைமூக்கு உள்ளான். அலகின் நுனி கீழ்நோக்கிச் சற்றே வளைந்திருக்கும்; வயிற்று இறகு தண்ணீரில் படும் மட்டும் உள்ளே இறங்கி நின்றன. அதைத் தாண்டிக் கொஞ்சம் ஆழத்தில் பவளக்கால் உள்ளான். ஆள் அசைந்தாலோ நாய் எட்டிப் பார்த்தாலோ முதலில் கத்தி மொத்தக் கூட்டத்தையும் உஷார்படுத்துவது அதுதான். சாண் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான், சிவந்த குச்சிக்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு. அதன் பக்கத்தில் நீண்ட அலகை அடிவரை சேற்றுக்குள் இறக்கிக்கொண்டு மூக்கன்.

ஒரே சேற்றில் இத்தனை ஜாதி சண்டையில்லாமல் பிழைப்பது எப்படி என்பது அந்த வரப்பிலேயே விளங்கிவிட்டது. சேற்றின் மேல்தோலில் இருக்கும் பூச்சி ஒருவருக்கு, அரை விரல் கீழே நெளியும் புழு இன்னொருவருக்கு, அதற்கும் கீழே இருப்பது மூக்கனுக்கு. காலின் நீளம் எவ்வளவு ஆழத்தில் நிற்கலாம் என்பதைச் சொல்கிறது. அலகின் நீளம் எவ்வளவு ஆழத்தில் தின்னலாம் என்பதைச் சொல்கிறது. ராத்திரியில் ஒரு விரல் தண்ணீர் கூடினால் காலையில் கொசு உள்ளான் அந்தப் பாத்தியில் இருக்காது, வேறு விளிம்பு தேடிப் போயிருக்கும். ஒரு விரல் குறைந்தால் நெடுங்காலனுக்கு அங்கே வேலையில்லை. தாத்தா இதைப் பாடமாகச் சொல்லவில்லை. மடையைத் திறந்துவிடும்போது எந்தப் பறவை எப்போது வருகிறது என்று அறுபது வருஷம் பார்த்தவர், அவ்வளவுதான்.

தண்ணீரே இல்லாமல் சேறு தோல் கட்டியிருந்த வரப்போரத்தில் உப்புக்கொத்திகள் தனியாக நின்றன. கொஞ்ச தூரம் ஓட்டம், சட்டென்று ஒரு நிற்பு, உற்றுப் பார்வை, குனிந்து ஒரே கொத்து. மறுபடி ஓட்டம். பெரிய கண்ணும் குட்டை அலகும் கொண்ட பறவை அது. கண்ணால் கண்டால்தான் அதற்குச் சாப்பாடு. உள்ளான் அப்படியில்லை. அதன் அலகு நுனியில் உணர்ச்சி இருக்கிறது. சேற்றுக்குள் விட்டுத் தடவித் தடவியே இரையைக் கண்டுபிடிக்கும். அதனால் கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும்கூட அதற்குப் பிழைப்பு நடக்கும். இது நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் ஒன்று நின்று பார்க்கிறது, மற்றது நிற்காமல் குத்துகிறது என்கிற வித்தியாசம் அந்தக் காலையிலேயே பதிந்துவிட்டது. தேடுவதற்குக் காது ஒன்றுதான் வழி என்று வளர்ந்தவனுக்கு அது பெரிய சங்கதி.

சேற்றுப் பருந்து ஒன்று தாழ்வாக வந்தது. பவளக்காலன் கத்தியதுதான் தாமதம், பாத்தி முழுவதும் எழும்பிவிட்டது. மேலே போன கூட்டம் ஒரே சமயத்தில் திரும்பியது. முதுகு காட்டும்போது கருத்தது, வயிறு காட்டும்போது வெளுத்தது. எங்கள் வீட்டில் அம்மா முறத்தில் சாமையைப் புடைக்கும்போது மணியெல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து ஒரே பக்கமாகத் திரும்புமே, அப்படி. ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, ஆயிரக்கணக்கான சின்னச் சிறகுகளின் இரைச்சல், அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தாத்தா, “தூங்குறியா?” என்றார்.

வெயில் ஏறியதும் சார் சைக்கிளோடு வந்தார். கோடியக்காட்டு வழியாகக் கோடியக்கரைக்குப் போனோம். காடு என்றதும் எங்கள் சோலையை மனதில் வைத்திருந்த எனக்கு, மணலில் வேரூன்றிய குட்டையான பாலை மரங்களும் காரைப் புதர்களும் வேடிக்கையாக இருந்தன. புல்வெளியில் முறுக்குக் கொம்போடு வெளிமான்கள் நின்றன. 1967-இல் அரசு இதைச் சரணாலயமாக்கியது முக்கியமாக அவற்றுக்காகத்தான். யாருக்கும் சொந்தமில்லாத மட்டக்குதிரைகளும் மேய்ந்தன. ராமர் பாதம் என்கிற மணல்மேட்டில் ஏறி, “இதுதான்டா எங்க ஊரு மலை” என்றார் சார். அந்த முனையிலேயே உயரமான இடமாம். நாலு மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேலே பிறந்தவன் நான்; சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே நின்று பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. நாலு மீட்டர் ஏறியதற்கே வானத்தின் கடைசி வரை தெரிந்தது. மலையில் எத்தனை உயரம் ஏறினாலும் இன்னொரு மலை குறுக்கே நிற்கும்.

மேற்கே பார்த்தால் சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக்காடு வரை நீண்டு கிடந்தது. கோரையாறு, பாமணியாறு, வளவனாறு என்று காவிரியின் கடைமடை ஆறுகளும் வடிகால்களும் வந்து ஓய்கிற இடம் அது. மழைக்காலத்தில் மேலேயிருந்து நல்ல தண்ணீர் வந்து நிரம்பும். பங்குனி, சித்திரையில் வற்றிக் கடலைவிட உப்பாகிவிடும். ஓரமெல்லாம் உமரி சிவந்து படர்ந்திருந்தது. ஒரு செடியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன், உப்பு.

பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அந்த வருஷங்களில் கோடியக்கரையில் முகாம் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்த ஒருவரைச் சாருக்குத் தெரியும். முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியில் அவர் என் கண்ணை வைக்கச் சொன்னார். கானல் நடுங்கிக்கொண்டிருந்த தூரத்தில் பூநாரைகள் நின்றன. தாத்தாவின் அளவில் அது முழங்காலுக்கு மேலே, தொடை ஆழத் தண்ணீர். மற்ற பறவைகள் தொட முடியாத இடம். கழுத்தை வளைத்துத் தலையைக் குப்புறக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி தண்ணீரில் வைத்திருந்தன. நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து, அலகோரத்து மெல்லிய தகடுகள் வழியாக வெளியே தள்ளினால், புழுவும் பூச்சியும் சிறு இறால் வகைகளும் உள்ளே தங்கிவிடும் என்று அவர் விளக்கினார். இறகின் ரோஜா நிறமே இந்தத் தீனியிலிருந்து வருவதாம். கூட்டத்தில் சில சாம்பல் நிறத்தில் இருந்தன. “அதுங்க சின்னப் பசங்க. உன் வயசு” என்றார். குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் சேற்றைக் குவித்துக் கூடு கட்டிப் பொரித்தவை, பனிக்காலத்துக்கு இங்கே வந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

மத்தியானம் புளிச்சோறும் சுட்ட கருவாடும். சோளக்காட்டுச் சந்தையில் நாங்கள் வாங்கும் கருவாடு எங்கேயிருந்து மலையேறுகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த தாத்தா, இளவட்டமாக இருந்தபோது கண்ணி வைத்து உள்ளான் பிடித்துக் குழம்பு வைத்ததைச் சொன்னார். முகாம்காரர் முகம் சுளிக்கவில்லை. “பிடிக்கத் தெரிஞ்சவங்ககிட்டதான் நாங்களும் கத்துக்கிட்டோம்” என்றார். பறவை எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் இறங்கும், எந்த இருட்டில் வலை தெரியாது என்பதெல்லாம் வேட்டைக்காரர்கள் அறிந்த வித்தை.

சாயங்காலம் முனைக்குப் போனோம். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட செங்கல் மொட்டைக் கட்டடம் அப்போது நின்றுகொண்டிருந்தது. 2004 சுனாமி அதைக் கொண்டுபோய்விட்டது. மணல்திட்டில் ஆலாக்கள் எல்லாம் காற்றைப் பார்த்தபடி ஒரே திசைக்கு முகம் வைத்து உட்கார்ந்திருந்தன. சார் பூங்குழலி கதையை ஆரம்பித்தார். எனக்குக் கதையில் மனம் போகவில்லை. இருட்டியதும் வலை கட்டுவதாக முகாம்காரர் சொல்லியிருந்தார்.

சேற்றுவெளியில் மூங்கில் நட்டு, கண்ணுக்கே தெரியாத நைலான் வலையை நீளமாகக் கட்டியிருந்தார்கள். இருட்டில் தாழப் பறந்து வரும் உள்ளான் வலையில் மோதி மடிப்புக்குள் விழும். டார்ச்சோடு போய், கால், சிறகு, கழுத்து என்று ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்துத் துணிப்பையில் போட்டு முகாமுக்குக் கொண்டுவருவார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்தேன். முகாம்காரர் பைக்குள் கைவிட்டு ஒரு கொசு உள்ளானை எடுத்தார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அதன் கழுத்து. மற்ற விரல்கள் உடம்பைச் சுற்றி, இறுக்காமல். சிறகை அளவுகோலில் வைத்தார், அலகை அளந்தார், பையோடு வில்தராசில் தொங்கவிட்டார். இருபது கிராம் சொச்சம். பிறகு நெஞ்சுக்கு மேலே இருக்கும் இறகை வாயால் ஊதி விலக்கினார். மெல்லிய தோலுக்கடியில், கழுத்துக்குழியில், மஞ்சளாகக் கொஞ்சம் கொழுப்பு தெரிந்தது. “இப்ப கம்மியா இருக்கு. மாசி பங்குனியில பாரு, இந்தக் குழி நிரம்பி வழியும். அதுதான் கட்டுச்சோறு. அது சேரலேன்னா வடக்கே போய்ச் சேராது.” போகும் இடம் ஆர்க்டிக் ஓரம், சைபீரியாவின் வடகோடி.

அடுத்த பையிலிருந்து எடுத்த பறவையின் காலில் ஏற்கனவே வளையம் இருந்தது. பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் அந்த அலுமினியத் துண்டில் பொடியாக வெட்டியிருந்தன. பழைய நோட்டைப் புரட்டினார். போன பனிக்காலத்தில், இதே சேற்றில், இதே முகாமில் மாட்டியது. நடுவில் அது வடகோடிக்குப் போய், அங்கே ஒரு கோடையைக் கழித்து, திரும்பி இந்தச் சேற்றுக்கே வந்திருந்தது. சார் வாயடைத்துப்போனார். தாத்தாவுக்கு ஆச்சரியம் இல்லை. “பொறந்த எடத்த மறந்தாலும் சோறு போட்ட எடத்த மறக்குமா?” என்றார்.

“இதெல்லாம் எங்க மலைக்கு மேல போகுமா சார்?” என்று கேட்டேன்.

“போகலாம். ராத்திரியில ரொம்ப உயரத்துல போகும், உனக்குக் கேக்காது” என்றவர், ஆறுமணிக்குருவியைப் பற்றிச் சொன்னார். ஐப்பசியில் கோடியக்காட்டுப் புதர்களில் அது வந்து தங்குமாம். இலங்கைக்குக் கடல் தாண்டுவதற்கு முன்னால் கடைசிக் காடு அதுதான். எங்கள் வீட்டுக் கொல்லையில் கூவுகிற பறவைக்குக் கூடவா கடலோரத்தில் வேலை என்று இருந்தது எனக்கு.

கொசு உள்ளானை என் உள்ளங்கையில் வைத்து விடச் சொன்னார். சூடு தெரிந்தது, அதன் துடிப்பு என் விரலில் தெரிந்தது, பிறகு கை காலியாக இருந்தது.

அந்த நாளுக்குப் பிறகு பல தடவை அங்கே போய்வந்திருக்கிறேன். 2002-இல் அந்த நீர்நிலைகளுக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் பாலை மரங்களைச் சாய்த்து உப்பளங்களைச் சேற்றில் மூழ்கடித்துவிட்டுப் போனது. மூடிப்போன ரயில் பாதை அகலப்பாதையாகி 2023 முதல் மறுபடி வண்டி ஓடுகிறது. சின்ன உள்ளான்கள் பெரிதும் குறைந்துவிட்டன என்று வளையம் மாட்டுகிறவர்களே எழுதுகிறார்கள். மேலேயிருந்து வரும் நல்ல தண்ணீர் குறைந்தது, உப்பு கூடியது, சதுப்பு தூர்ந்தது, உப்பளங்கள் பெருகியது என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாமே கடைசியில் தண்ணீர்க் கணக்குதான். வேட்டையைத் தடுக்க ஆள் போடலாம். சேற்றின்மேல் விரல் ஆழத் தண்ணீரை மூன்று மாதம் நிறுத்திவைக்க ஆள் போட முடியாது. அது மழையும் ஆறும் கடைமடை வரை வந்து சேர வேண்டிய விஷயம். எங்கள் ஐயாறும் அதில் ஒரு சின்னப் பங்காளி.

அதனால் யாராவது வந்து, கோடியக்கரைக்குப் போனேன், பறவையே இல்லை, ஏமாந்துவிட்டேன் என்று அலுத்துக்கொண்டால், தண்ணீர் எவ்வளவு இருந்தது என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலானவர்களுக்குச் சொல்லத் தெரியாது. வானத்தையும் மரத்தையும் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். முழங்காலுக்கு மேலே இருந்தது என்று ஒருவர் சொன்னால், மழை நன்றாகப் பெய்த வருஷம், சந்தோஷப்படுங்கள், மாசிக்கு மேல் வடிந்ததும் மறுபடி போங்கள் என்பேன். தரை வெடித்துக் கிடந்தது என்றால், அது தை மாதமா பங்குனியா என்று கேட்பேன். பங்குனி என்றால் வழக்கம்தான். தை என்றால், கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் அது. இங்கே மலையில் எங்கள் ஓடைகளும் எப்படி ஓடியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.